நீள மூக்கா, சப்பை மூக்கா: அமெரிக்க லாரியும் ஐரோப்பிய லாரியும் டிரைவருக்கு என்ன தருகின்றன?

டெய்ம்லர் டிரக் என்ற ஒரே நிறுவனம்தான் வட கரோலினாவில் ஃபிரைட்லைனர் கஸ்கேடியாவையும், ஜெர்மனியின் வொர்த் ஆலையில் மெர்சிடிஸ் ஆக்ட்ரோஸையும் செய்கிறது. முதல் வண்டிக்கு முன்னால் நீளமான பானெட், அதற்குப் பின்னால் டிரைவர் சீட், அதற்கும் பின்னால் ஒரு சிறிய அறை. இரண்டாவதற்கு மூக்கே கிடையாது. டிரைவர் எஞ்சின் மேலேயே உட்கார்ந்திருப்பார். நம் ஒரகடத்தில் இதே குழுமம் செய்யும் பாரத்பென்ஸும் இந்தச் சப்பை மூக்கு வகைதான். வால்வோவும் இப்படித்தான்: ஐரோப்பாவுக்கு எஃப்எச், அமெரிக்காவுக்கு விஎன்எல். கென்வொர்த்தையும் பீட்டர்பில்ட்டையும் வைத்திருக்கும் பக்கார் நிறுவனம் 1996இல் நெதர்லாந்தின் டாஃபை வாங்கியது. ஆக, ஒரு கரையில் தெரிந்த தொழில்நுட்பம் மறு கரையில் தெரியவில்லை என்று சொல்லவே முடியாது.

பிறகு ஏன் இத்தனை வித்தியாசம்? "அங்கே ரோடு அகலம், இங்கே எல்லாம் சந்து" என்பதுதான் வழக்கமாகக் கிடைக்கும் பதில். அதில் உண்மை இருக்கிறது, ஆனால் பாதிதான். மீதிப் பாதி, சட்டம் அளவு நாடாவை எங்கே வைத்து அளக்கிறது என்பதில் இருக்கிறது. டிரைவர் எப்படித் தூங்குகிறார், முதுகு எவ்வளவு குலுங்குகிறது, கண்ணுக்கு எது தெரிகிறது எல்லாமே பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகின்றன.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 1996ஆம் ஆண்டு விதிப்படி டிராக்டரும் (எஞ்சினும் கேபினும் உள்ள, இழுக்கும் முன்வண்டி) டிரெய்லரும் சேர்ந்து 16.5 மீட்டரைத் தாண்டக் கூடாது. பம்பரின் நுனியிலிருந்து டிரெய்லரின் பின்கதவு வரை எல்லாமே கணக்கில் வரும். வழக்கமான டிரெய்லர் 13.6 மீட்டர். மிச்சம் 2.9 மீட்டர். அதிலும், வண்டி திரும்பும்போது டிரெய்லரின் முன்மூலை கேபின் முதுகில் இடிக்காதிருக்க இடைவெளி விட வேண்டும். கடைசியில் கேபினுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 2.3 மீட்டர். ஸ்டியரிங், சீட், படுக்கை, டிரைவரின் துணிமணி, அடுப்பு, தண்ணீர் கேன் எல்லாம் அந்த 2.3 மீட்டருக்குள். டிரெய்லரைக் கொஞ்சம் குறைத்து கேபினுக்குக் கொடுக்கலாமே என்றால், அதில் 33 யூரோ பேலட் (சரக்கை அடுக்கும் ஒரே அளவான மரத்தட்டு) ஏற வேண்டும். லாரி முதலாளிக்குக் காசு பேலட்டில் இருக்கிறது. அந்த நீளத்தில் அவர் கை வைக்கவே மாட்டார்.

அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் இதே கதைதான். 1970களில் மொத்த நீளத்துக்கு மாநிலத்துக்கு மாநிலம் வேறு வேறு வரம்பு. அதனால் அங்கேயும் அப்போது நெடுஞ்சாலை முழுக்க சப்பை மூக்கு வண்டிகள். கென்வொர்த் கே100, பீட்டர்பில்ட் 352 எல்லாம் அந்தக் காலத்து ராஜாக்கள். 1982இல் வந்த தரைவழிப் போக்குவரத்து உதவிச் சட்டம் அதை மாற்றியது. தேசிய நெடுஞ்சாலைப் பின்னலில் ஒற்றை டிரெய்லர் வண்டிகளின் மொத்த நீளத்துக்கு மாநிலங்கள் வரம்பு போடக் கூடாது, டிரெய்லர் நீளத்துக்கு மட்டுமே போடலாம் என்றது சட்டம். 48 அடி டிரெய்லரை எல்லா மாநிலமும் அனுமதிக்க வேண்டியதாயிற்று. இன்று 53 அடி, அதாவது சுமார் 16.2 மீட்டர் டிரெய்லர்தான் சாதாரணம். டிராக்டர் எவ்வளவு நீளம் என்று கேட்க ஆளில்லாமல் போனதும் மூக்கு திரும்பி வந்தது, கேபினும் பின்னால் நீண்டது. ஃபிரைட்லைனர் தன் கடைசி சப்பை மூக்கு மாடலான ஆர்கோசியை 2006இல் வட அமெரிக்கச் சந்தையிலிருந்து எடுத்துவிட்டது.

இதற்கு ஆஸ்திரேலியாவைவிட நல்ல சான்று கிடையாது. ரோடு அகலமாக, ஆளரவமில்லாமல் கிடக்கும் தேசம் அது. ஆனாலும் இரண்டு டிரெய்லர் பூட்டிய பி-டபுள் வண்டிக்கு அங்கே மொத்தம் 26 மீட்டர் என்ற வரம்பு உண்டு. கென்வொர்த் நிறுவனமே, தாய்நாட்டில் கைவிட்ட சப்பை மூக்கு வண்டியை மெல்பர்ன் அருகே பேஸ்வாட்டரில் இன்றும் செய்து விற்கிறது. ரோட்டின் அகலம் மட்டும் காரணமாக இருந்தால் அந்த வண்டிக்கு அங்கே வேலையே இருந்திருக்காது.

சரி, டிரைவர் சீட்டுக்கு வருவோம்.

அமெரிக்க நெடுந்தூர வண்டியில் சீட்டுக்குப் பின்னால் 72 அங்குல ஸ்லீப்பர், அதாவது படுக்கை அறை, வைப்பது சர்வ சாதாரணம். ஆறடி ஆள் நிமிர்ந்து நின்று சட்டை மாற்றலாம். மெத்தை வீட்டுக் கட்டில் அளவுக்குக் கிட்டத்தட்ட வரும். ஃபிரிட்ஜ், மைக்ரோவேவ், தொங்கும் துணிக்கு அலமாரி, சில வண்டிகளில் மடக்கி வைக்கும் மேசையும் இரண்டு பேர் எதிரெதிரே உட்காரும் இருக்கையும் உண்டு. கணவனும் மனைவியுமாக மாற்றி மாற்றி ஓட்டும் ஜோடிகள் அங்கே இருப்பதற்கு இந்த அறையும் ஒரு காரணம். ஐரோப்பிய வண்டியில் படுக்கை சீட்டுக்கு ஒட்டிப் பின்னால், குறுக்கே. பெரிய கேபின்களில் நிமிர்ந்து நிற்கலாம். ஸ்கானியாவின் எஸ் வகையில் தரையும் சமமாக இருக்கும். கொஞ்சம் சிறிய கேபின் என்றால் எஞ்சினின் மேடு நடுவில் துருத்திக்கொண்டு நிற்கும். இந்தக் கையகல இடத்தை ஐரோப்பியப் பொறியாளர்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பதை மெச்சத்தான் வேண்டும். எஞ்சினை அணைத்துவிட்டே இரவு முழுக்கச் சூடு தரும் ஹீட்டர், படுக்கைக்கு அடியில் இழுப்பறை ஃபிரிட்ஜ், வெளியிலிருந்து திறக்கும் சாமான் பெட்டி என்று ஒரு அங்குலம்கூட வீணாகியிருக்காது. இருந்தாலும் வாரக்கணக்கில் வாழும் இடத்துக்கு 2.3 மீட்டர் போதாது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

குலுங்கலிலும் அமெரிக்க வண்டிக்கே மதிப்பெண். அதில் டிரைவர் முன்சக்கரத்துக்குப் பின்னால் உட்காருகிறார். முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சில்களுக்கும் நடுவே 5.5 மீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கும். ஐரோப்பிய டிராக்டரில் இது 3.6 அல்லது 3.7 மீட்டர்தான், டிரைவரும் முன்சக்கரத்தின் தலைக்கு மேலேயே உட்காருகிறார். பள்ளத்தில் சக்கரம் இறங்கினால் அடி நேராக அவருக்கு. கேபினின் நான்கு மூலையிலும் ஏர் சஸ்பென்ஷன், சீட்டுக்குக் கீழே இன்னொன்று என்று வைத்து இதைப் பெருமளவு சமாளித்துவிட்டார்கள். நல்ல ரோட்டில் வித்தியாசம் தெரியாது. மோசமான ரோட்டில் தெரியும்.

பழுது பார்ப்பதிலும் இது வெளிப்படும். காலையில் வண்டியைச் சுற்றிப் பார்க்கும்போது அமெரிக்க டிரைவர் பானெட்டை முன்பக்கமாக இழுத்துச் சாய்க்கிறார். பெல்ட், ஹோஸ், ஸ்டியரிங் கம்பி, முன் பிரேக் எல்லாம் கண்முன்னே விரிகிறது. ஒரு சொட்டு ஆயில் கசிந்தாலும் பார்த்துவிடலாம். ஐரோப்பிய வண்டியில் ஆயில், தண்ணீர் பார்க்க முன்னால் ஒரு சிறு மூடி உண்டு. அதற்கு மேல் என்ன வேண்டுமானாலும் கேபினையே ஹைட்ராலிக் பம்ப் வைத்து முன்னால் கவிழ்க்க வேண்டும். கவிழ்ப்பதற்கு முன் உள்ளே இருக்கும் குவளை, பாத்திரம், செருப்பு, கைப்பை எல்லாவற்றையும் கட்டி வைக்க வேண்டும். ஒன்றை மறந்தாலும் அது முன்கண்ணாடியில் போய் விழும். விபத்திலும் மூக்கு ஒரு தடுப்புதான்: நேருக்கு நேர் மோதினால் டிரைவரின் முழங்காலுக்கும் எதிர் வண்டிக்கும் நடுவே நசுங்குவதற்கு ஏதோ ஒன்று இருக்கிறது. சப்பை மூக்கில் கேபினின் சட்டகத்தைத்தான் நம்ப வேண்டும். அதனால்தான் ஐரோப்பாவில் கேபின் வலிமைக்குத் தனிச் சோதனை விதி வைத்திருக்கிறார்கள்.

நகரத்துக்குள் நுழைந்ததும் நிலைமை தலைகீழாகிறது. ஐரோப்பிய விதிப்படி முழு வண்டியும், வெளி ஆரம் 12.5 மீட்டரும் உள் ஆரம் 5.3 மீட்டரும் கொண்ட வளையத்துக்குள் திரும்பிக் காட்ட வேண்டும். இத்தாலியின் மலையூர்களிலோ பிரான்சின் ரவுண்டானாக்களிலோ இந்த அளவு இல்லாமல் பிழைக்க முடியாது. 53 அடி டிரெய்லரை இழுக்கும் அமெரிக்க டிரைவர் வலப்பக்கம் திரும்ப முதலில் இடப்பக்கம் ஒதுங்கி, பக்கத்து லேனையும் சேர்த்து எடுத்துக்கொண்டுதான் திரும்ப முடியும். டிரெய்லரின் பின்சக்கரம் அவ்வளவு உள்ளே வெட்டும். அங்கே ஒதுங்கின இடைவெளிக்குள் கார்க்காரர் புகுந்துவிடுவது டிரைவர்களின் தீராத தலைவலி.

பார்வையும் முக்கியம். பானெட்டுக்கு முன்னால் நிற்கும் குழந்தை நீள மூக்கு வண்டியில் தெரியவே தெரியாது. சப்பை மூக்கு வண்டியிலும் கண்ணாடிக்கு நேர் கீழே ஒரு மறைவிடம் உண்டு. ஆனால் அது சிறியது, அதைக் காட்ட முன்மேலே தொங்கும் ஒரு கண்ணாடியை ஐரோப்பா கட்டாயமாக்கியிருக்கிறது. லண்டன் இன்னும் ஒரு படி மேலே போனது. டிரைவர் தன் கண்ணால் நேரடியாக எவ்வளவு பார்க்க முடிகிறது என்று லாரிகளுக்கு நட்சத்திரம் கொடுத்து, 2021 மார்ச்சிலிருந்து அனுமதி முறையைக் கொண்டுவந்தது. 2024 அக்டோபரிலிருந்து மூன்று நட்சத்திரத்துக்குக் குறைவான வண்டி கூடுதல் பாதுகாப்புக் கருவிகள் பொருத்தியிருந்தால்தான் உள்ளே வரலாம். சைக்கிள்காரர்கள் சக்கரத்துக்கு அடியில் போன சாவுகள்தான் இதற்குக் காரணம். டிரெய்லரின் பக்கவாட்டில், சக்கரங்களுக்கு நடுவே ஆள் விழாதபடி கம்பித் தடுப்பு வைப்பது ஐரோப்பாவில் 1989ஆம் ஆண்டு விதியிலேயே வந்துவிட்டது. அமெரிக்காவில் பின்பக்கத் தடுப்பு மட்டும்தான் தேசியச் சட்டம். 1967இல் நடிகை ஜேன் மேன்ஸ்ஃபீல்டின் கார் ஒரு டிரெய்லருக்கு அடியில் புகுந்து அவர் இறந்த பிறகு அந்தக் கம்பிக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. பக்கவாட்டுக்கு இன்னும் கட்டாயம் வரவில்லை. இந்த ஒரு விஷயத்தில் அமெரிக்காவை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

பெரிதாகத் தெரியும் அமெரிக்க வண்டிதான் அதிக எடை இழுக்கும் என்று நினைப்போம். அது சரியல்ல. அங்கே பொது வரம்பு 80,000 பவுண்டு, அதாவது சுமார் 36.3 டன். ஐரோப்பாவில் ஐந்து ஆக்சில் வண்டிக்கு 40 டன். ஸ்வீடன் 2018இல் சில சாலைகளில் 74 டன் வரை விட்டது; பின்லாந்து 2013இலேயே 76 டன். அமெரிக்காவில் மொத்த எடையைப் போலவே அது எப்படிப் பரவியிருக்கிறது என்பதும் முக்கியம். பாலத்தைக் காப்பாற்ற ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள்: ஆக்சில்கள் எவ்வளவு தள்ளித் தள்ளி இருக்கிறதோ அவ்வளவு எடை ஏற்றலாம். ஐந்து ஆக்சில் வண்டி முழு 80,000 பவுண்டு ஏற்ற, முதல் ஆக்சிலுக்கும் கடைசி ஆக்சிலுக்கும் 51 அடி இடைவெளி வேண்டும். நீளமான டிராக்டருக்கு இது இன்னொரு காரணம்.

இதனால் அமெரிக்க டிரைவருக்கு, ஐரோப்பிய டிரைவர் அறியாத ஒரு வேலை சேர்கிறது. லோடு ஏற்றிய கையோடு டிரக் ஸ்டாப்பில் எடை மேடைக்குப் போகிறார். சீட்டு வருகிறது: முன் ஆக்சில் சரி, டிராக்டரின் இரட்டை ஆக்சிலில் 35,100 பவுண்டு, டிரெய்லர் ஆக்சிலில் 31,500. இரட்டை ஆக்சிலுக்கு வரம்பு 34,000. மொத்தம் வரம்புக்குள்தான், ஆனாலும் இப்படியே போனால் அபராதம். இறங்கிப் போய் டிரெய்லருக்கு அடியில் இருக்கும் கம்பியை இழுத்து, சக்கரத் தொகுதியைப் பூட்டியிருக்கும் முளைகளை விடுவிக்கிறார். திரும்ப ஏறி டிரெய்லர் பிரேக்கை மட்டும் பிடித்துவிட்டு டிராக்டரை மெல்ல நகர்த்துகிறார். சக்கரங்கள் நிற்க, டிரெய்லர் மட்டும் அவற்றின் மேல் வழுக்கிப் போகிறது. ஒரு துளை நகர்த்தினால் 250 முதல் 400 பவுண்டு வரை இடம் மாறும். எத்தனை துளை என்று மனக்கணக்குப் போட்டு, முளை சரியாக விழுந்ததா என்று இறங்கிப் பார்த்து, மறுபடி எடை மேடை. கலிபோர்னியாவுக்குள் போவதென்றால் டிரெய்லர் பூட்டும் முளையிலிருந்து கடைசி ஆக்சில் வரை 40 அடிக்கு மேல் போகாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். மழையில், ராத்திரியில், துருப்பிடித்த முளை வர மறுக்கும்போது இதைச் செய்து பார்த்தால்தான் அருமை தெரியும். ஐரோப்பிய டிரெய்லரில் மூன்று ஆக்சில், அகலமான ஒற்றை டயர்கள், அசையாத இடம். டிரைவர் லோடை எங்கே வைக்கிறார் என்பதில் கவனமாக இருந்தால் போதும்.

கியர் விஷயத்தில் பழைய வீராப்பு இப்போது கரைந்துவருகிறது. அமெரிக்க டிரைவர் என்றால் ஈட்டன் ஃபுல்லரின் 10, 13, 18 கியர் பெட்டி. கியர்களின் சுழற்சியைத் தானே ஒத்துப்போக வைக்கும் சிங்க்ரோ கிடையாது, ஒவ்வொரு கியருக்கும் இரண்டு முறை கிளட்ச் மிதிக்கும் டபுள் கிளட்ச்தான். பழுத்த டிரைவர்கள் கிளம்பும்போதும் நிற்கும்போதும் தவிர கிளட்சைத் தொடவே மாட்டார்கள். எஞ்சின் சுழற்சி 1,500இலிருந்து 1,200க்கு அருகே இறங்கும் அந்தக் கணத்தைக் காதால் பிடித்து, இரண்டு விரலால் தள்ளினால் கியர் தானாக விழும். ஐரோப்பா இதை ஆட்டோமேட்டிக் பக்கம் முன்னதாகவே கொண்டுபோய்விட்டது. வால்வோவின் ஐ-ஷிஃப்ட் 2001இல் வந்தது. இப்போது அமெரிக்காவிலும் புது வண்டிகளில் பெரும்பாலானவை அப்படித்தான். பிரேக்கிலும் ஐரோப்பாவே முந்தியது. டிஸ்க் பிரேக்கும், முன்னால் தடை தெரிந்தால் தானே பிரேக் போடும் கருவியும் அங்கே எப்போதோ சாதாரணமாகிவிட்டன. மலையிறக்கத்தில் ஐரோப்பிய டிரைவருக்கு, சக்கர பிரேக்கைத் தொடாமலேயே வேகத்தைக் குறைக்கும் சத்தமில்லாத ரிட்டார்டர். அமெரிக்கருக்கு எஞ்சின் பிரேக். அது போடும் வெடிச்சத்தத்தால் பல ஊர்களின் எல்லையில் அதைத் தடை செய்து பலகையே வைத்திருக்கிறார்கள்.

வேகத்துக்கு வந்தால், ஐரோப்பாவில் எல்லாக் கனரக லாரியும் 90 கிலோமீட்டரில் கட்டுப்படுத்தப்பட்டது. ஜெர்மன் ஆட்டோபானில் சட்டப்படி 80தான். அமெரிக்காவில் அப்படித் தேசிய அளவில் கருவிக் கட்டாயம் இல்லை. கலிபோர்னியாவில் லாரிக்கு மணிக்கு 55 மைல், டெக்சாஸின் சில சாலைகளில் 75 மைலும் அதற்கு மேலும். இரவு முழுக்க 120 கிலோமீட்டரில் போகலாம் என்பது சிலருக்குச் சுதந்திரமாகத் தோன்றும்.

ஆனால் டிரைவரின் நாளை வண்டியைவிட அதிகமாகத் தீர்மானிப்பது கடிகாரம். ஐரோப்பாவில் ஒரு நாளைக்கு 9 மணி நேரம் ஓட்டலாம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10. நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட ஓய்வு கட்டாயம். இரண்டு வாரத்தில் மொத்தம் 90 மணி நேரத்துக்கு மேல் ஓட்டவே முடியாது. அமெரிக்காவில் 11 மணி நேரம் ஓட்டலாம், ஆனால் வேலை தொடங்கிய 14 மணி நேரத்துக்குள் அதை முடித்துவிட வேண்டும். இந்த 14 மணி நேரக் கடிகாரம்தான் வினை. கிடங்கு வாசலில் லோடு இறக்க ஐந்து மணி நேரம் காத்திருந்தாலும் அது பெரும்பாலும் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். 2017 டிசம்பரில் ஓட்டும் நேரத்தைத் தானே பதியும் மின்னணுப் பதிவுக் கருவி கட்டாயமான பிறகு முன்போல் நோட்டில் சரிக்கட்டவும் வழியில்லை. இதோடு சம்பளம் மைலுக்கு இவ்வளவு என்றால் காத்திருந்த ஐந்து மணி நேரத்துக்குப் பலருக்குக் காசே வராது. 1938ஆம் ஆண்டின் தொழிலாளர் நியாய நெறிச் சட்டம் லாரி டிரைவர்களை ஓவர்டைம் உரிமையிலிருந்து விலக்கி வைத்தது. அந்த விலக்கு இன்னும் நிற்கிறது. ஐரோப்பிய விதியோ, தூரத்தை வைத்துக் கூலி கொடுப்பது பாதுகாப்பைக் கெடுக்குமானால் கூடாது என்று எழுதியே வைத்திருக்கிறது. வசதியான அறை அமெரிக்கருக்கு, மரியாதையான கடிகாரம் ஐரோப்பியருக்கு என்று நான் நினைப்பது இதனால்தான்.

அந்த மரியாதையும் எல்லோருக்கும் கிடைத்துவிடவில்லை. கிழக்கு ஐரோப்பாவில் பதிவான வண்டிகளில் மாதக்கணக்கில் மேற்கே சுற்றிக்கொண்டிருக்கும் டிரைவர்கள் வாரயிறுதியையும் அதே 2.3 மீட்டர் கேபினில், ஏதோ ஒரு பார்க்கிங்கில் கழித்துவந்தார்கள். 45 மணி நேர வார ஓய்வைக் கேபினில் எடுக்கக் கூடாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2017 டிசம்பரில் தீர்ப்புச் சொன்னது. 2020இல் அது விதியாகவே எழுதப்பட்டது. நான்கு வாரத்துக்குள் டிரைவர் வீடு திரும்பும்படி வேலையை அமைக்க வேண்டும் என்பதும் அதோடு சேர்ந்தது. கேபின் அளவையும் சட்டம் கொஞ்சம் தளர்த்தியது. காற்றுத்தடை குறைவதற்காகவும் பார்வைக்காகவும் பாதுகாப்புக்காகவும் கேபின் நீண்டால் அந்த நீளத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று 2015இல் ஒரு திருத்தம் வந்தது. அதைப் பயன்படுத்தி டாஃப் 2021இல் எக்ஸ்ஜி வண்டியைக் கொண்டுவந்தது. முன்னால் 16 சென்டிமீட்டர், பின்னால் 33 சென்டிமீட்டர் கூடுதல். பேலட் ஒன்றுகூடக் குறையவில்லை. இத்தனை ஆண்டுகள் இதைக் கொடுக்காமல் இருந்ததற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

நம் ஊரிலிருந்து டிரைவர் வேலைக்கு வெளிநாடு போக நினைப்பவர்கள் யூடியூபில் கேபினைப் பார்த்து மயங்குவது இயல்பு. போலந்து, லிதுவேனியா நிறுவனம் என்றால் 45 மணி நேர ஓய்வுக்கு அறை யார் போடுவார்கள், நான்கு வாரத்துக்கு ஒருமுறை எங்கே கொண்டுபோய் விடுவார்கள் என்று முதலில் கேளுங்கள். கனடா என்றால் வண்டி அமெரிக்க வகைதான், ஆனால் அங்கே ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை ஓட்ட விடுவார்கள்; ஒன்டாரியோவிலும் கியூபெக்கிலும் வேகம் 105 கிலோமீட்டரில் பூட்டப்பட்டிருக்கும். சம்பளம் மைலுக்கா மணிக்கா, கிடங்கில் காத்திருக்கும் நேரத்துக்கு உண்டா என்பதை ஒப்பந்தத்தில் எழுத்தாகவே வாங்கிக்கொள்ளுங்கள்.